ஜெயிச்சவனுக்கு முதல் கிளாஸ்

எங்க வூட்டுக்காரர் குடிச்சுட்டு வந்தா எனக்கு அழுகை வராது, அருவருப்புதான் வரும். சட்டையெல்லாம் வாந்தி, வாயில புளிச்ச சாராய நாத்தம். அதைத் துவைச்ச கையால சோறு பிசையவே மனசு வராது. சீ, இன்னா பொழப்பு! எழுபதுகள்ல பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டிட்டு வூட்டுக்கு வர்ற வழியெல்லாம் சாராயக்கடைதான்.

ஒரு நாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு நெட்டப்பாக்கத்துல அம்மா வூட்டுக்குப் போயிட்டேன். சமாதானம் பேசிக் கூட்டிவந்தப்போ எல்லார் எதிர்லயும் சொன்னேன்: இன்னொரு வாட்டி குடிச்சா போயிடுவேன், அப்புறம் திரும்பி வரமாட்டேன்.

அப்பதான் எங்க தெரு சடுகுடு ஆளுங்க அவரைச் சேர்த்துக்கிட்டாங்க. விடியக்காலம் ஏரிக்கரையில ஓட்டம், தண்டால், பஸ்கி. ஒருத்தன் வரலன்னா மத்தவங்க ஆரம்பிக்க மாட்டாங்க. மொத்தப் பேரும் அவன் வாசல்ல வந்து நிப்பாங்க. தெருவே வேடிக்கை பார்க்கும். மானத்துக்குப் பயந்தாவது எழுந்து ஓடணும். உடம்பு அலுத்து, சோறு தின்ன கையோட தூங்கிப்போவார். சாயங்காலமும் அவங்களோடவே சுத்தினதுல கடைப் பக்கம் போக நேரமில்ல. கை நடுக்கம் நின்னுச்சு. பொங்கல் வரைக்கும் ஒரு சொட்டு தொடல.

காணும் பொங்கல் பந்தயத்துல எங்க தெரு ஜெயிச்சுது. கடைசி ஆளை அமுக்கிப் புடிச்சது இவர்தான். பரிசு குடுத்தது யாரு? சாராயக்கடையை ஏலம் எடுத்தவர்! ஜெயிச்சுக் குடுத்தவனுக்கு ஊர்ப் பெரியவர் கையால முதல் கிளாஸ் ஊத்திக் குடுக்கறது அங்க மரியாதையாம். அந்த வருசம் ஊத்தினது என் மாமனார். "வாங்குடா, நம்ம குடும்பத்துக்குக் கெடைச்ச மரியாதை"ன்னு பூரிச்சுப்போய் நீட்டினார். புள்ளை எதனால சீரழிஞ்சான்னு தெரிஞ்ச அப்பன்! தூ! இவரும் மறுக்க முடியாம வாங்கினார். ஒண்ணோடயா நிக்கும்?

விடிஞ்சா பாயெல்லாம் வாந்தி. குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு, துணிப்பையோட வெளிய வந்தேன். வாசல்ல அந்த சடுகுடு ஆளுங்க நின்னுக்கிட்டிருந்தாங்க.

"போங்கண்ணே, உள்ள பொணமாட்டம் கெடக்குது."

"எழுந்து வரட்டும் தங்கச்சி."

வாடா மச்சான், வாடா மச்சான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. இவர் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு வந்தார். என் கையில இருந்த பையைப் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். யாரும் திட்டல. நகர்ந்து நடுவுல எடம் விட்டு, அங்கேயே பஸ்கி ஆரம்பிச்சாங்க. இவர் உக்காந்து எழுந்தார். உக்காந்தார், குபுக்குன்னு வாந்தியெடுத்தார். நான் மூக்கைப் பொத்திக்கிட்டேன். பக்கத்துல இருந்தவர் காலெல்லாம் தெறிச்சுது. அந்த மனுசன் காலைக்கூட ஒதறல. இவர் வாயைத் தொடைச்சுக்கிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் அத்தனை பேரும் குந்தினபடியே காத்திருந்தாங்க.

நெட்டப்பாக்கம் பஸ் ஹாரன் அடிச்சுட்டுப் போயிடுச்சு. நான் வாந்தி தெறிச்ச அந்தக் காலையே பார்த்துக்கிட்டு நின்னேன். அவங்க கெளம்பறப்போ நான் சொன்னேன்:

"நாளைக்கும் வாங்கண்ணே."