லிட்டில் இந்தியாவிலிருந்து பார்த்த வயல்

“…அதனால யூரியாதான் பத்தலக்கா, வேற ஒண்ணும் இல்ல. ஒரு மூட்டை போட்டா பச்சை ஏறிடும். தை அறுப்பு முடிஞ்சா ஊருக்குப் போறேன், வேலை பர்மிட்டை நீட்டிக்க வேணாம்னு சூப்பர்வைசர்கிட்டயே சொல்லிட்டேன் லா” என்றார் பழனிவேல்.

சிங்கப்பூரில் எனக்கு அது மூன்றாவது நாள்; பேச்சின் முடிவில் இங்கே எல்லாரும் ஒட்டவைக்கும் ‘லா’ இன்னும் காதுக்குப் பழகவில்லை. சனிக்கிழமை மாலை ஏழு மணி. தீபாவளி போயும் சிராங்கூன் சாலையில் விளக்குத் தோரணங்களை இன்னும் அவிழ்க்கவில்லை. டன்லப் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். தேநீர் ஒரு வெள்ளி ஐம்பது காசு; இங்கே டாலரை வெள்ளி என்கிறார்கள்.

திருத்துறைப்பூண்டியில் நான் உரக்கடை வைத்திருக்கிறேன். பழனிவேலின் மனைவி தேவி என்னிடம் வாங்குகிறவள். ஆங் மோ கியோவில் இருக்கும் என் மகளைப் பார்க்கப் போகிறேன் என்றதும், “அப்படியே எங்க வீட்டுக்காரரையும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்கக்கா” என்று ஊறுகாய் கட்டிக் கொடுத்திருந்தாள். அவருக்குத் துவாஸில் கப்பல் பட்டறை வேலை, ஒன்பது வருடமாக. இப்போதுதான் முதல் தடவையாக இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருக்கிறார்கள். இது தேறினால் அவர் ஊரோடு வந்துவிடுவது என்று பேச்சு.

போனில் தேவி வயலைக் காட்டினாள். “நீங்க கெளம்புறப்ப லேசா வெளுப்பாத்தான்கா இருந்துச்சு. இப்ப ஆரஞ்சா ஏறுது. இவரு போன்ல மஞ்சளாத்தான் தெரியுதாம். ஆரஞ்சுன்னு சொன்னா, போய்க் கண்ணாடி வாங்கி மாட்டுங்கிறாரு.”

நான் படித்துக் கற்றவள் இல்லை. கடை மேசையில் ஆட்கள் கொண்டுவந்து போடும் இலைகளைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். யூரியா தரும் தழைச்சத்து குறைந்தால் வயல் முழுக்க ஒன்றுபோல வெளுக்கும். இங்கே திட்டுத் திட்டாக இருந்தது. நுனியிலிருந்து நிறம் இறங்கியிருந்தது. பயிர் குட்டையாக, பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டாமல் நின்றது. துங்ரோ என்கிற வைரஸ் நோய் இப்படித்தான் வரும். எங்கள் கடைக்கு வரும் ஒரு அம்மாள் இதை, “வயலுக்குக் காமாலை கண்டுடுச்சு” என்பார்.

ஆனால் போன் படத்தை நம்பி ஒரு குடும்பத்தின் வருடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் அப்போது மாலை நான்கரை. கடைக்குப் பேசி, இலையைச் சோதிக்கத் தேவியிடம் ஒரு சீசா அயோடின் கரைசல் கொடுக்கச் சொன்னேன்.

ஞாயிறு காலை ஆங் மோ கியோவில் ரயில் ஏறி, நியூட்டனில் மாறினேன். அறிவிப்பு வந்தபடியே ரயில் நின்று கதவு திறந்ததை நான் வியந்து பார்க்க, பக்கத்திலிருந்த பெண் சிரித்தார்: “இந்த ஊர்ல மழை மட்டும்தான் சொல்லாம வரும் லா.”

நெல் விளையாத ஊர் இது. ஆனாலும் டன்லப் தெரு நடைபாதையில் போனைப் பார்த்தபடி நின்ற தம்பிகளில் எத்தனை பேர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ.

எட்டரை மணிக்கு அதே சாப்பாட்டுக்கடையில் பழனிவேல் போனைத் தண்ணீர்க் குவளைமேல் சாய்த்து வைத்தார். ஊரில் அப்போது ஆறு. வெயில் படுமுன்னே தேவி இலைகளைப் பறித்து, இரண்டு கண்ணாடித் தம்ளரில் கரைசல் ஊற்றி ஊறப்போட்டிருந்தாள். ஒன்றில் அவர்கள் வயல் இலை, இன்னொன்றில் பக்கத்து வயல் சாமிக்கண்ணுவின் இலை. பகலில் சேர்த்த மாவுச்சத்தை நல்ல இலை ராத்திரியில் செலவழித்துவிடும். நோய் கண்ட இலையில் அது தேங்கி நிற்கும், அயோடின் பட்டால் கறுக்கும்.

கால் மணி நேரம் காத்திருந்தோம். பழனிவேல் முன்னால் தோசை ஆறிப்போனது.

தேவி இலைகளைக் கழுவி வெள்ளைத் தட்டில் வைத்தாள். சாமிக்கண்ணுவின் இலை தேநீர் நிறத்தில் இருந்தது. அவர்களுடையதில் நெடுக நீலக் கறுப்புக் கோடுகள். இதில் போன் ஒன்றையும் மாற்றிக் காட்டவில்லை.

“இதுக்கு மருந்து இல்லையாக்கா?”

“இதைப் பரப்புற தத்துப்பூச்சிக்கு இருக்கு, தம்பி. பயிருக்குள்ள போயிட்ட வைரசுக்கு இல்ல. இருந்தா நானே வித்திருப்பேனே.”

“நிக்கிற வரைக்கும் நிக்கட்டும்னு விட்டா?”

“பதருதான் மிஞ்சும். அதுக்குள்ள பூச்சி, நோயைச் சாமிக்கண்ணு வயலுக்கும் கொண்டுபோயிடும்.”

பழனிவேல் போனருகே குனிந்தார். “தேவி, நாளைக்கே டிராக்டர் வெச்சு மடக்கி உழுதுடு. சாமிக்கண்ணு மாமாகிட்ட இன்னிக்கே மருந்தடிக்கச் சொல்லு.”

“உழுதுட்டா, நீங்க…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பின்னால் ஏதோ பறவை கத்தியது. “சரி” என்றாள்.

அழைப்பு முடிந்தது.

அவர் தோசையை நகர்த்திவிட்டு, தன் அறைத்தோழனை அழைத்தார். “ராஜா, ஊருக்குப் போறப்ப என் சைக்கிளை உனக்குத் தரேன்னு சொன்னேன்ல. சாவியை என் கட்டில்லயே வெச்சிடுடா. நானே ஓட்டிக்கிறேன் லா.”