வள்ளம் போகும் ஆறு

எங்கள் தந்தையாரின் பதினாறாம் நாளில் இச்சிறு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், ஆற்றின் இரு கரை நண்பர்களுக்கும் வணக்கம். வீட்டில் எழுத்துப் படித்தவன் நான் ஒருவனே ஆகையால் இதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. குறையிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அப்பா அவர்கள் தேங்காய்ப்பட்டணத்துக்கு மேலே, குழித்துறை ஆற்றின் கரையிலுள்ள ஒரு குடிலில் பிறந்தார்கள். பிறந்த வருடம் தெரியாது. கரை உடைந்த ஒரு மழைக்காலம் என்று மட்டும் சொல்வார்கள். பள்ளிக்குப் போகவில்லை, வள்ளத்தில் நின்று மூங்கில் கழை ஊன்றத்தான் கற்றார்கள். சுண்ணாம்புச் சிப்பியும் கயிறு திரிக்கும் தேங்காய்த் தொண்டும் ஏற்றிக்கொண்டு ஆயுள் முழுவதும் அந்த ஓர் ஆற்றிலேயே மேலும் கீழுமாகப் போய்வந்தார்கள். விடியற்காலையில் நீர்மேல் பனி கிடக்கையில் வள்ளம் கண்ணுக்குத் தெரியாது. வெண்மைக்கு நடுவே அப்பா மட்டும் நின்றபடி மெல்ல நகர்ந்து வருவார்கள். உறக்கத்தில் காண்பதுபோல் இருக்கும்.

நாடு சுதந்திரம் பெற்ற மறுவருடம், எங்கள் படகுத்துறைக்குக் கீழேயுள்ள தோப்புக்காரர் ஆற்றுக்குள் மூங்கில் அடித்து வேலி கட்டினார். நீருக்கடியில் கிடக்கும் மணல் தமது சொத்து என்றார். வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. வள்ளம் போகும் ஆறானால் ஆற்றின் தரை சர்க்காருக்கு, வழி எல்லாருக்கும். போகாத ஆறானால் பாதி ஆறுவரை தரை கரைக்காரருக்கு. வழக்கு இவ்வளவுதான். அவர் ஜெயித்தால் எங்கள் துறையின் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடக்க வேண்டியதுதான்.

கோடையில் அந்த ஆற்றில் கொக்குதான் நடக்கும் என்று அவர் மனுவில் எழுதியிருந்தார். நான் வாசித்துக் காட்டினேன்.

"அப்பம் நான் கொக்கா மக்கா?" என்று அப்பா சிரித்தார்கள்.

பங்குனி மாதம், கோர்ட்டு நியமித்த கமிஷன் வக்கீல் ஆற்றைப் பார்வையிட வந்தார். அப்பாவின் வள்ளத்திலேயே ஏறினார். மணல்திட்டை ஒட்டிய ஒடுங்கிய வழியில் கழை ஊன்றியே கடந்துவிடலாம். ஆனால் பெரியவர்கள் ஏறியிருந்தால், திட்டு வரும் இடத்தில் வள்ளக்காரர் இறங்கி, விளிம்பைப் பிடித்து, அலுங்காமல் நடத்திச் செல்வது எங்கள் ஆற்று மரியாதை. கல்யாண மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் செய்வோம். அப்பா யோசிக்கவே இல்லை. முழங்கால் நீரில் இறங்கிவிட்டார்கள். கூட வந்த எதிர்க்கட்சி வக்கீல், "ஆள் இறங்கித் தள்ளினால்தான் வள்ளம் போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். கமிஷன் எழுதிக்கொண்டார்.

"ஏலே, உனக்க மரியாதை ஆத்தையே கொண்டுபோச்சே" என்று பக்கத்து வள்ளக்கார மாமா வீட்டு வாசலில் நின்று ஏசினார். கால் தவறி விழுந்ததாகச் சொல்லிவிடலாம் என்றார் எங்கள் வக்கீல். அப்பா சம்மதிக்கவில்லை.

கோர்ட்டுக் கூண்டில் எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார்: "இறங்கினீரா?"

"இறங்கினேன்."

"எதற்கு?"

"ஏமானுக்க வேட்டி நனையப்பிடாதுன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "நெறைய சிப்பி ஏத்தித் தாரும் சாரே. வள்ளத்துக்க மேலே நின்னு வலிக்கேன். எனக்க காலு நனைஞ்சா ஆறு உங்களுக்கு" என்றார்கள். ஆற்றைப் பந்தயம் வைக்க அப்பாவிடம் யார் சொன்னார்கள்? முன்சீப் அவர்கள் கமிஷனை மறுபடியும் அனுப்பினார்கள்.

சித்திரையில் நீர் இன்னும் வற்றியிருந்தது. பாரம் ஏறிய வள்ளத்தின் விளிம்புக்கும் நீருக்கும் நாலு விரல் இடைவெளி. திட்டுக்கருகே ஆறு கண்ணாடி மாதிரி மெலிந்து, அடிமணலின் வரிகள் எல்லாம் தெரிந்தன. வள்ளத்தின் நிழல் அந்த வரிகளின்மேல் ஊர்ந்தது. கழை எழுவதும் தாழ்வதும் தவிர அசைவே இல்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வள்ளம் ஆழத்துக்கு வந்ததும் கமிஷன் குனிந்து அப்பாவின் பாதங்களைப் பார்த்தார். உலர்ந்திருந்தன.

வள்ளம் போகும் ஆறு என்றே தீர்ப்பு வந்தது. வேலியைப் பிடுங்கினார்கள். தோப்புக்காரர் அப்பீல் போனார். ஆற்றில் வள்ளங்கள் என்றோ ஒருநாள்தான் போகின்றன என்று காட்டுவதற்காக, வள்ளம் வராத நாட்களைக் குறிக்க ஓர் ஆளைப் புன்னை மரத்தடியில் உட்கார வைத்தார். அப்பீல் இன்னும் முடியவில்லை.

கடைசி மாதங்களில் நெஞ்சுச்சளி அப்பாவைப் படுக்க வைத்தது. கண்ணை மூடியபடியே, கழை ஊன்றும் ஓசையைக் கொண்டு, போவது யார் வள்ளம் என்று சொல்வார்கள். வள்ளக்காரர் இறந்தால் சிதை அணையும்வரை ஆற்றில் எல்லா வள்ளங்களையும் கட்டிப்போடுவது இங்கே முறை. அப்பா அம்மாவை அழைத்து, "எனக்க சாவுக்கு ஒரு வள்ளத்தையும் கட்டப்பிடாது, கேட்டியா? மரத்தடியில ஒருத்தன் இருக்கான்" என்றார்கள்.

மருந்து தந்த வைத்தியர் அவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், குளச்சலிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்களுக்கும் நன்றி. தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற தோப்புக்காரருக்கும் நன்றி.

தகனத்தன்று காலையிலிருந்து மாலைவரை ஆற்றில் வள்ளங்கள் போயின. முதலில் போனது பக்கத்து வள்ளக்கார மாமா. சிப்பி ஏற்றிக்கொண்டு, எங்கள் துறையைத் திரும்பிப் பாராமல், அழுதுகொண்டே ஊன்றிப் போனார். புன்னை மரத்தடி ஆளுக்கு அன்று எழுத எதுவும் கிடைக்கவில்லை. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வராமல் ஆற்றிலேயே நின்ற அந்த வள்ளக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.