இன்னொரு குழந்தையின் பெயர்

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குப் பக்கத்து ஓட்டலில் ஜாக்குலின் மாவரைக்கிறாள். டோல்கேட் வருவதற்கு முன்பிருந்தே அரைக்கிறாள். வயது ஐம்பத்தேழு. முதலாளி மூன்று பேர் மாறிவிட்டார்கள், கிரைண்டர் நான்கு மாறிவிட்டது. அந்தக் கிரைண்டர் இரைச்சலுக்குள் ஒரு கைக்குழந்தை அழுவது அவளுக்குக் கேட்கும். சுவிட்சை அணைத்தால் ஒன்றும் இருக்காது. வெளியில் சொன்னால் வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போவார்கள், இல்லாவிட்டால் ஜெபக் கூட்டத்துக்கு இழுப்பார்கள். இரண்டுக்கும் அவளுக்கு நேரமில்லை.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். எந்தத் தலைமுறையானாலும் முதலில் பிறக்கும் பெண்ணுக்கு ஜாக்குலின் என்றுதான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அவளுடைய அப்பாவின் அப்பாவைப் பெற்றவள், வெள்ளைக்காரன் காலத்தில் திண்டிவனத்தில் அவுரிச் சாய வியாபாரம் செய்த ஒரு பிரெஞ்சுக்காரத் துரை வீட்டில் வேலை பார்த்தவள். துரைசாணியே ஞானத்தாயாக நின்று அவளுக்கு வைத்த பெயராம் அது. அவள் பெற்ற இரண்டு மகன்கள் வழியாக இன்று விழுப்புரம், அனந்தபுரம், கூட்டேரிப்பட்டு என்று எண்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குக் கூடினால் துரைசாணி கதையைப் பேசாமல் பிரியாணியில் கை வைக்க மாட்டார்கள்.

பேசாத கதை ஒன்றும் உண்டு. அந்தப் பெயர் வைத்த பெண் குழந்தை தங்குவதில்லை. அத்தை ஜாக்குலின் மூன்று வயதில் கிணற்றில் விழுந்தாள். சின்னத் தாத்தா வீட்டில் ஒருத்தி அம்மையில் போனாள். இவள் எப்படியோ தப்பினாள். ஆனால் இவளுடைய முதல் பெண், நாற்பதாவது நாள், தொட்டிலிலேயே குளிர்ந்து கிடந்தாள். அதற்கும் அந்தப் பெயர்தான். கிரைண்டருக்குள் அழுகை கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

இரண்டாவது பெண் ஆஷ்லினுக்கு வேறு பெயர். அவள் நன்றாக வளர்ந்தாள். இப்போது அவளுக்கு முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஜாக்குலினின் அண்ணன் ஞானராஜ் கோயிலில் உபதேசியார். நல்ல மனிதர், ஆனால் பிடித்த பிடியை விடாதவர். யாரையும் கேட்காமல் விண்ணப்பத்தில் ஜாக்குலின் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று இவள் போய் நின்றபோது, அஞ்ஞானிகளைப் போலப் பேசாதே, நோயிலும் கிணற்றிலும் செத்ததற்குப் பெயர் என்ன செய்யும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நியாயம் கேட்டு ஓடிப்போகிற பயமா அது?

அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்தில் இரண்டு பெயர் சேர்த்து வைப்பதுண்டு. மூதாதைக்கு இரண்டாவதாக ஒரு புனிதை பெயர் இருந்தால் அதையே பேத்திக்கு வைக்கச் சொல்லி அண்ணன் வாயை அடைக்கலாம் என்று, வெள்ளிக்கிழமை லீவு போட்டுத் திண்டிவனம் போனாள். அங்கே பழைய கோயிலில் இருந்த ஃபாதர் அலெக்ஸ் முகம் சுளிக்காமல் பதிவேட்டைத் தேடி எடுத்து வந்தார். தாள் அப்பளமாய் நொறுங்கியது. பிரெஞ்சு எழுத்தில் விரல் வைத்து மெதுவாகப் படித்துச் சொன்னார்.

1893-ஆம் வருடம். வயது இருபது. பழைய பெயர் வீரம்மாள். துரை வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்க வைத்திருந்தவள். இரண்டாவது பெயர் எதுவும் இல்லை. அடுத்த வரிக்கு வந்ததும் ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார். துரையின் எட்டு மாதப் பெண் குழந்தை போன வாரம் காய்ச்சலில் இறந்தது, அதன் பெயர் ஜாக்குலின், தாயின் விருப்பப்படி அதே பெயர் இவளுக்கு இடப்படுகிறது.

பால் கொடுக்க வந்தவளுக்கும் ஒரு கைக்குழந்தை இருந்திருக்குமே என்பது அப்போதுதான் ஜாக்குலினுக்கு உறைத்தது.

"இந்தம்மா பெத்த கொழந்தை என்னாச்சுங்க ஃபாதர்?"

"ஓரத்துல ஒரு வரி இருக்குதும்மா. பொண் கொழந்தையாம். அது நாலு மாசம் முன்னாடியே செத்துப்போச்சு, ஞானஸ்நானம் இல்லாம. பேரு எழுதல."

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. எந்தக் குழந்தை குடித்தது, எந்தக் குழந்தை காய்ந்தது என்று இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு யாரும் விளக்க வேண்டாம். மகள் பெயரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கத் துரைசாணிக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கூப்பிட்டபோதெல்லாம் வீரம்மாள், தன் பிள்ளையின் பாலைக் குடித்த பிள்ளையின் பெயருக்கு ஓடிப்போய் நின்றிருக்கிறாள். அந்த எட்டு மாதக் குழந்தையும்தான் என்ன பாவம் செய்தது? நூற்று முப்பது வருடமாக எண்பது பேரும் அதைத் தூங்க விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.

ஆஷ்லின் வீட்டில் அண்ணனையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தைக்கு வீரம்மாள் என்று வைத்தாலாவது அந்தக் கொள்ளுப்பாட்டிக்கு ஆறுதலாக இருக்கும் என்றாள். ஆஷ்லின் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"செத்தவங்க பேரு எதுவும் வாணாம்மா," என்றாள். "இவ யாரையும் தூக்கிக்கினு நடக்க வாணாம்."

ஞானராஜ் எழுந்து நேராகக் கோயிலுக்குப் போனார். தான் எழுதியதைத் தானே அடித்துவிட்டு, ஆஷ்லின் சொன்னபடி ஆரோக்கிய ஜெனிட்டா என்று எழுதினார். குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இல்லாத பெயர்.

ஞாயிற்றுக்கிழமை தலையில் தண்ணீர் ஊற்றியபோது குழந்தை கொட்டாவி விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஜாக்குலினுக்கு நெஞ்சு லேசானது. அடுத்த நிமிடமே இன்னொன்றும் புரிந்தது. எண்பது பேரில் அந்தப் பெயருடன் உயிரோடு இருப்பது இப்போது அவள் ஒருத்திதான். அந்தத் துரை வீட்டுக் குழந்தைக்கு இனிப் போக வேறு இடமில்லை.

கோயில் படியில் போட்டோவுக்கு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அவள் மட்டும் சற்றுத் தள்ளி வேப்ப மரத்தடியில் இருந்தாள்.

"ஜாக்குலின், ஜல்தியா வாம்மா," என்று அண்ணன் கூப்பிட்டார்.

அவள் நகரவில்லை. கூப்பிட்டது அந்தக் குழந்தையையோ என்னவோ, அது முதலில் போகட்டும் என்று காத்திருந்தாள். அண்ணன் இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் போனாள்.