படிக்காமல் விட்ட நான்கு வாரம்

1961 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். விடிய விடியச் சாரல். கொடியில் போட்ட இரண்டு புடவையும் காயவில்லை. ஆறுக்குக் குளியல், ஆறேமுக்காலுக்குக் காபி, ஏழேகாலுக்கு விடுதிச் சாப்பாட்டுக்கூடம். இட்லி. ஒன்பது மணிக்கு மாணவிகள் இருபத்தொன்பது பேரும் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார்கள். டிரில் டீச்சர் துணைக்குப் போனார். நூலக இருப்பைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் நான் தென்காசியிலேயே தங்கிவிட்டேன்.

நாட்குறிப்பில் அன்றைய காலை இவ்வளவுதான். மற்றதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நூலகமும் விடுதியும் என் பொறுப்பு. மனசு சரியில்லாத பெண்ணுக்கு ஏற்ற புத்தகமாகப் பார்த்துக் கொடுப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. யாரும் சொல்லித் தந்ததில்லை. வீட்டு நினைப்பில் அழுதவளுக்குப் பயணக் கட்டுரை கொடுத்தேன். மூன்றாம் நாள் அழுகை நின்றது. வகுப்பெடுக்கப் பயந்து நடுங்கியவளுக்குச் சிரிப்புக் கதைகள் கொடுத்தேன். ஒரு பயனும் இல்லை, படிப்பை விட்டு ஊருக்கே போய்விட்டாள். எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தேன். புத்தகம், வாங்கியவர், கொடுத்த காரணம், பிறகு கண்டது என்று நான்கு கட்டம்.

அந்த ஜூனில் வீரகேரளம்புதூர்ப் பெண் ஒருத்தி விடுமுறை முடிந்து வந்தாள். பதினெட்டு வயது. ஆவணியில் கல்யாணம் என்று பத்திரிகை அடித்த பிறகு, புளியங்குடி மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். வந்தவள் யாரிடமும் பேசவில்லை. தட்டில் வைத்தது அப்படியே திரும்பியது. மூன்று வாரம் பார்த்துவிட்டு, என் சொந்த அலமாரியிலிருந்து ஒரு தொடர்கதையைக் கொடுத்தேன். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து என் தங்கை பைண்டு செய்து வைத்தது. கல்யாணம் நின்றுபோன ஒரு பெண் டீச்சர் வேலைக்குப் படிக்கும் கதை. மூன்றாவது கட்டத்தில் 'தன் நிலையைக் கதையில் காண்பதற்கு' என்று எழுதினேன்.

பதினொன்றே காலுக்குத் தையல் டீச்சர் நூலகத்துக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேஜையில் திறந்திருந்த பதிவேட்டைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இந்தக் கதையவா அந்தப் பிள்ளைக்குக் குடுத்திருக்கே?"

"ஆமாக்கா. ஏன்?"

"கடைசில அவ ஆத்துல விழுந்து செத்துப்போயிருவால்லா."

"இல்லக்கா. அவ டீச்சராகி மலையடிவாரத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போவா. நல்லா முடியும்."

"நீ படிச்சியா?"

நான் படிக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்பு அந்தக் கதை முடியும் தறுவாயில் எனக்கு டைபாய்டு. கடைசி நான்கு வாரம் பத்திரிகையைக் கையில் எடுக்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிவைச் சொன்னவள் என் தங்கை. காய்ச்சலில் கிடந்தவளுக்கு ஒரு நல்ல முடிவைத் தானே கட்டிச் சொல்லியிருக்கிறாள். அதைப் படித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"புத்தகம் இப்ப எங்க?" என்றார் தையல் டீச்சர்.

காலையில் அந்தப் பெண் அதைக் கைப்பையில் வைத்ததைப் பார்த்திருந்தேன். இன்னும் கொஞ்சப் பக்கம்தான் பாக்கி என்று மகிழ்ந்தும் இருந்தேன்.

பதினொன்று நாற்பது பஸ். குடையை மறந்துவிட்டேன். இலஞ்சி விலக்கில் ஒரு மூட்டையை மேலே ஏற்ற ஐந்து நிமிஷம் நிறுத்தினார்கள். இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. பேரருவியின் சத்தம் பஸ் நிற்கும் இடத்திலேயே கேட்டது. வேறு நாளென்றால் நல்ல சீசன் என்று நினைத்திருப்பேன்.

பெண்கள் பக்கம் டிரில் டீச்சர் தலையில் துண்டோடு நின்றார்.

"என்ன டீச்சர், புத்தகம் வசூலிக்க இங்கனயே வந்துட்டியளா? தவணை முடியலியே."

எல்லாரும் இருக்கிறார்களா என்று கேட்டேன். எண்ணினார். இருபத்தெட்டு.

"அந்த வீரகேரளம்புதூர்ப் பிள்ளை தலை வலிக்குன்னா. கோயில் பக்கம் உக்காந்திருப்பா. ஏன், முகம் இப்படி வெளுத்திருக்கு?"

கோயில் பிராகாரத்தை ஒருமுறை சுற்றினேன். இல்லை. பாலத்தில் நின்று கீழே தண்ணீரைப் பார்த்தேன். பிறகு பார்க்கப் பயமாக இருந்தது. கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏழாவதோ எட்டாவதோ ஒரு பழக்கடை. தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாரல் படாமல் புத்தகத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது.

"முடிச்சிட்டியாம்மா?"

"முடிவு எனக்கு முன்னமே தெரியும் டீச்சர். அம்மையும் மதினியும் வாராவாரம் சத்தமாப் படிப்பாவ. நான் அப்ப ஆறாப்பு."

"தெரிஞ்சா ஏன் வாங்கினே?"

"நீங்க குடுத்திய." சிறிது நேரம் துண்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "நீங்க காரணம் இல்லாமக் குடுக்க மாட்டியன்னு எல்லாரும் சொல்லுதாவ. எழுதி வச்சில்லா குடுப்பிய. அதான், என்ன காரணமா இருக்கும்னு பத்து நாளா யோசிச்சேன்."

"என்ன தோணிச்சு?"

"ஊர்ல எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தா அதத்தான் நினைக்காவ. இவ என்னைக்கு என்ன செய்வாளோன்னு. டீச்சரும் அதத்தான் நினைக்காவ போலன்னு தோணிச்சு."

அதைவிடப் பெரிய அடி எனக்கு யாரும் கொடுத்ததில்லை. காய்ச்சலையும் தங்கையையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன். முடிவைப் படிக்காமலே கொடுத்தேன் என்றும் சொன்னேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "படிக்காமலா? நீங்களா?"

"ஆமா."

"பரீட்சையில நாங்க இப்படிச் செஞ்சா விடுவியளா?"

சிரித்தாளா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உதடு அசைந்தது. பிறகு, "உங்க தங்கச்சி என்ன முடிவு சொன்னாவ?" என்று கேட்டாள்.

சொன்னேன். மலையடிவாரம், ஓட்டுப் பள்ளிக்கூடம், முதல் நாள் மழையில் நனைந்து வந்த ஒன்பது பிள்ளைகள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்புத மாதிரி இல்ல. மழைன்னா ஒன்பது பிள்ளை வருமா?"

கேட்கத்தான் வேண்டும் என்று கேட்டுவிட்டேன். "உனக்கு அந்த நினைப்பு வந்துச்சாம்மா?"

கடைக்காரர் மங்குஸ்தானை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"போன மாசம் வந்துச்சு. இப்ப தெரியல."

"வந்தா என்கிட்ட வந்து சொல்லு. எந்த நேரமானாலும் கதவைத் தட்டு."

"சரி" என்றாள். அந்தச் சரியை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. எழுந்து நடந்தபோது, "அடுத்ததைக் கடைசி வரைக்கும் படிச்சிட்டுக் குடுங்க டீச்சர்" என்றாள். அடுத்தது என்ற சொல்லைப் பஸ்ஸில் திரும்பும்போது பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

மாலையில் இரண்டு தோசையும் மூன்றாவதில் பாதியும் சாப்பிட்டாள். அவள் படுக்கையைத் தன் அறையில் போட்டுக்கொள்ளத் தையல் டீச்சர் சம்மதித்தார். "எனக்குக் குறட்டை உண்டு, பிள்ளைக்குச் சொல்லிரு" என்றார். சொன்னேன். அவளுடைய தாய்க்குக் கடிதம் எழுதப்போவதையும் அவளிடம் மறைக்கவில்லை, அவள் தடுக்கவுமில்லை. கடிதத்தை முடித்து ஒட்டினேன். பதிவேட்டில் மூன்றாவது கட்டத்தை அடித்துவிட்டு, 'முடிவு அறியாமல் கொடுத்தது' என்று எழுதினேன். நான்காவது கட்டத்தை வெறுமையாக விட்டேன். அலமாரியிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே விழிப்பு வந்தது. குளிக்கவில்லை, அடுப்புப் பக்கம் போகவில்லை. முதலில் தையல் டீச்சரின் அறைக் கதவைச் சத்தமில்லாமல் தள்ளினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வை ஏறி இறங்குவது நிச்சயமாகத் தெரியும்வரை வாசலிலேயே நின்றேன்.