வணக்கம் போடும் வரை

ஃபார்மலின் வாசனை முடியில் ஏறிவிட்டால் இரண்டு முறை தலைக்குக் குளித்தாலும் போவதில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கல்லூரி வாசலுக்கு வந்து காரில் ஏறுகிறேன். என் கணவர் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிடுகிறார். நவம்பரிலும் வெதுவெதுப்பாக இருக்கிற டெக்சாஸ் காற்று உள்ளே புகுந்து, முடியைக் கலைத்து, வாசனையைக் கிளப்பிவிட்டு, அதைக் கூட்டிக்கொண்டு போகாமல் தான் மட்டும் போய்விடுகிறது. கையுறை போட்டுக்கொண்டுதான் அறுத்தேன். ஆனாலும் விரல்களில் இருக்கிறது. இன்று வந்ததா, எப்போதும் இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

"இன்னைக்கு எதை அறுத்தீங்க அம்மிணி?"

"ஆட்டு இதயமுங்க."

"ஊரா இருந்தா கொழம்பு வெச்சிருக்கலாம்."

ரவுண்ட் ராக்கின் சாலைகள் ஓர் ஊரையே படுக்கவைக்கும் அகலம். அதில் நடப்பவர் யாருமில்லை. சிக்னலில் நிற்கும்போது கையை மூக்கருகே கொண்டுபோகிறேன். சிவப்பு பச்சையாவதற்குள் நான் கோபிசெட்டிபாளையம் போய்விடுகிறேன்.

அங்கே கல்லூரியின் மாடியில் விலங்கியல் ஆய்வுக்கூடம். ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் வயல், உள்ளே மெழுகுத் தட்டில் தவளை. நான் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். அன்று தவளையின் இதயம் வெளியே எடுத்த பிறகும் துடித்தது. அதை யாரிடமாவது சொல்லியே தீரவேண்டும் என்று பஸ் ஏறி வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் அப்பாவும் மாமாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மாடியில் தவளையை ஊசியால் குத்திக்கொண்டிருந்த அதே நேரம், கீழே கல்லூரி அலுவலகத்தில் அவர்கள் இருவரும் என் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிட்டிருந்தார்கள். பாக்கிக் கட்டணத்தைக் கட்டி, முதல்வருக்கு என் கல்யாணப் பத்திரிகை வைத்து, கிளார்க்குக்கு ஆப்பிள் கொடுத்து, எல்லாம் முறைப்படி. மாமா அதைக் கல்யாணம் முடிகிறவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "படிப்ப நிறுத்தறதுக்குக் காரணம் என்னன்னு போடட்டுங்கன்னு கேக்கறான் கிளார்க்கு. நல்ல காரியம்னு போடப்பான்னேன்!" அப்பா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாளையிலிருந்து காலேஜுக்குப் போக வேண்டாம் கண்ணு."

அழுதிருந்தால் கதையாக இருந்திருக்கும். நான் போய் கை கழுவினேன்.

அதற்குப் பிறகு நான் எந்த வாசலிலும் தனியாக நுழைந்ததில்லை. விசா நேர்காணல், நியூ ஜெர்சியில் முதல் வாடகை வீடு, கிரீன் கார்டுக்குக் கைரேகை வைத்தது என்று எங்கே போனாலும் ஒரே வரிசைதான். முதலில் அவருடைய பிளாஸ்டிக் ஃபைல், பிறகு அவர், கடைசியில் நான். அசலும் நகலும் அடுக்கிய அந்த ஃபைல் இல்லாமல் அவர் பால் வாங்கக்கூடப் போகமாட்டார் என்று மகள் கிண்டல் செய்வாள். அந்த மகளும் டாலஸுக்குப் படிக்கப் போனாள். வீட்டில் குளிர்பெட்டி உறுமுவது கேட்க ஆரம்பித்தது. ஒரு நாள் நானே கம்யூனிட்டி காலேஜின் இணையதளத்துக்குள் போய் உடற்கூறியலில் பெயர் கொடுத்தேன். அதை முடித்தால்தான் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பமே போட முடியும். நாற்பத்தைந்துக்கு மேல் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா என்றேன். அது சும்மா இல்லை. முன்பு துடித்துக்கொண்டிருக்கும்போதே விட்டுவிட்டு வந்த ஒன்றை, திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆசை.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு இந்த நாட்டுக் கல்லூரி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமக்கு, வராமல் இருந்தாலே நின்றுவிட்டதாக அர்த்தம். நாலு நாள் காணவில்லை என்றால் வீட்டுக்குத் தபால் வரும், பிறகு பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள். இங்கே யாரும் அடிப்பதில்லை. பந்தியில் இலையை மடிக்காமல் எழுந்து போய்விட்டால் ஆளில்லாத இலையில் சோறு விழுந்துகொண்டே இருக்குமே, அதுபோல வகுப்பு நம் பெயரில் நடந்துகொண்டே இருக்கும். கட்டணம் நம்முடையது, கடைசியில் வரும் எஃப் என்கிற தோல்வியும் நம்முடையது. விலக வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு தேதி உண்டு. அதற்குள் நாமேதான் சொல்ல வேண்டும். சொன்னால் எஃப்புக்குப் பதில் டபிள்யூ, விலகினார் என்கிற குறி. பணம் திரும்ப வருகிற தேதி அதற்கும் வெகு முன்னாலேயே போயிருக்கும். முதல் நாள் கொடுத்த பாடத்திட்டத்தில் இதற்கெல்லாம் மாணவரே பொறுப்பு என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, "காசு கட்டறது நானு, பொறுப்பு மட்டும் உனக்கா?" என்றார். அப்போது அது நகைச்சுவை.

அக்டோபர் கடைசியில் அவருடைய கம்பெனி அவர் பிரிவையே மூடியது. நல்லவேளை, கலிஃபோர்னியாவில், குபெர்டினோவில் வேறு வேலை உடனே கிடைத்தது. நவம்பர் பாதிக்குள் சேர வேண்டும். வாடகை ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. எல்லாம் தோதாக அமைந்தது, என் வகுப்பைத் தவிர. அது டிசம்பர் வரை நடக்கும்.

"வித்ட்ரா பண்ணிப்போடு அம்மிணி," என்றார், சட்னியைத் தொட்டுக்கொண்டே. "அங்க போய் மறுபடியும் சேந்துக்கலாம்."

"அங்க புதுசாக் குடிவந்தவங்களுக்கு ஃபீஸ் பல மடங்குங்க. இதுவும் திரும்ப வராது."

"போனாப் போகுது."

போனாப் போகட்டும் என்று இவர் சொல்கிறவர் இல்லை. கல்யாணமான புதிதில் ஈரோட்டில் ஒரு படம் பார்த்தோம். இடைவேளையிலேயே கொட்டகை காலி. நாங்கள் இருவரும் மூட்டைப்பூச்சிகளும்தான் மிச்சம். போலாமுங்க என்றேன். "டிக்கெட் எடுத்தாச்சில்ல? வணக்கம் போடற வரைக்கும் உக்காந்திருக்கோணும்" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் எந்தப் படத்திலிருந்தும் பாதியில் எழுந்ததில்லை. அப்படிப்பட்டவர் போனாப் போகுது என்கிறார் என்றால் அவருக்கும் பயம் என்று புரிந்தது. ஐம்பது வயதில் வேலை போய், வேறொரு மாநிலத்தில் புது மேலாளரின் கீழ் முதலிலிருந்து தொடங்கப்போகிறவர், பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதைச் சட்னியைப் பார்த்துச் சொல்கிறார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விலகுவதற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வெளியே வந்தால், அவர் காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் ஃபைல்.

"எங்கீங்க போயிட்டு வர்றீங்க?"

"உள்ளதான். நீ எதுக்கு அலையோணும்னு நானே சொல்லிப்போட்டு வந்தர்லாம்னு போனேன்." மூச்சு வாங்கினார். "நீ இங்க படிக்கறயான்னே சொல்லமாட்டேங்கறா அந்தக் கவுன்ட்டர் பொம்பளை. ஹஸ்பண்டுங்கறேன். ஃபீஸ் கட்டறவனே நானுங்கறேன். ஸாரி ஸார், அவங்கதான் வரோணுமாம். சரின்னு மேரேஜ் சர்டிஃபிகேட்டை எடுத்துக் காட்டறேன். பாத்துப்போட்டு, 'ஓ, காங்கிராஜுலேஷன்ஸ்'ங்கறா! இத்தனை வருசம் கழிச்சு!"

நான் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, வயிறு வலிக்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். முதலில் கூடவே சிரித்தவர் பிறகு பயந்துபோய், "ஏம் அம்மிணி, என்னாச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. எங்கப்பா டி.சி. வாங்கப் போனப்பவும் நான் லேப்லதான் இருந்தேன்."

அவருக்கு அந்தக் கதை தெரியும். மாப்பிள்ளையே அவர்தானே.  ஃபைலைப் பின்சீட்டில் போட்டார். அது சரிந்து கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. வீடுவரை அது கிடந்தது.

முன்பு யாரும் என்னைக் கேட்கவில்லை என்று எத்தனையோ வருடம் உள்ளுக்குள் புகைந்திருக்கிறேன். இப்போது என்னைத் தவிர யாரையும் கேட்கமாட்டேன் என்கிறது ஒரு நாடு. சந்தோஷப்பட வேண்டியதுதானே? நானோ வெள்ளிக்கிழமை காலை பேராசிரியரைப் பார்க்கப் போனேன். பூட்ஸ் போட்ட, மெதுவாகப் பேசுகிற டெக்சாஸ்காரர். கணவருக்கு வேறு ஊரில் வேலை, நான் விலக வேண்டியிருக்கலாம் என்றேன். அவர் புன்னகைத்து, அது முழுக்க உங்கள் முடிவு, இன்று நள்ளிரவுக்குள் கல்லூரி இணையதளத்தில் செய்துவிடுங்கள், வாழ்த்துகள் என்றார். நான் நகரவில்லை. எதற்காக நின்றேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "அறிவிருக்கா உனக்கு? முக்கால் கிணறு தாண்டிட்டு விழறேங்கற? போய் உக்காரு" என்று நம் ஊர் வாத்தியார் அதட்டுவாரே, அதற்காக நின்றேன். எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்து, அதையே இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகத் திரும்பச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கேட்காமலே முடிவெடுக்கிற ஊர் ஒன்று, கேட்டாலும் முடிவு சொல்லாத ஊர் ஒன்று. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முடிவை என்னிடமே விடுகிற ஊர் இரண்டுக்கும் நடுவில், கடலில் எங்கேயாவது இருக்குமோ என்னவோ.

மகளுக்குப் போன் பண்ணினேன். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ டபிள்யூ. எவ்ரிபடி ஹேஸ் ஒன். ஐ ஹேவ் டூ."

"ரெண்டா? எதுல? எப்ப? அப்பாவுக்குத் தெரியுமா?"

"அம்மா. ஃபோகஸ். டு யூ வான்ட் டு ஸ்டே?"

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை என்பது, கேட்ட பிறகுதான் தெரிந்தது. போனை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். வகுப்பின் பெயருக்குப் பக்கத்தில், விலகுவதற்கென்று ஒரு சின்னப் பொத்தான். தொட்டதும், நிச்சயமாகத்தானா என்று கேட்டது. பக்கத்து அறையில் அவர் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். டேப் கிழிகிற சத்தம், அமைதி, மறுபடி கிழிகிற சத்தம். எழுந்து போய் வாசல்படியில் நின்றேன்.

"ஏனுங்க. டிக்கெட் எடுத்தாச்சுங்க. வணக்கம் போடற வரைக்கும் இருந்துபோட்டு வர்றனுங்க."

டேப் நின்றது. அவர் நிமிரவில்லை.

"மொக்கப் படமா இருந்தா?"

"எத்தனை மொக்கப் படத்துக்கு என்னை உக்கார வெச்சிருப்பீங்க?"

பல்லால் டேப்பைக் கடித்து அறுத்தார். "தனியா எங்க இருப்ப?" என்றார். எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வகுப்பில் அதற்கு விடை வந்தது, கோணலான வழியில். என்னோடு ஒரே மேசையில் அறுக்கிறவள் டெனிஸ். விதவை, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என் கணவர் போகிறார், நான் போகவில்லை என்று அவளிடம் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஃபார்மலின் கையுறையோடு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அந்த ஆளை ஆரம்பத்திலிருந்தே எனக்குப் பிடிக்காது என்றாள். அவள் அவரைப் பார்த்ததே இல்லை. என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, இன்றைக்கே வா என்றாள். ஐயோ, விவாகரத்து இல்லை, வேலை மாற்றம், ஒரு மாதம்தான் என்று விளக்கியபோது அவள் முகத்தில் லேசான ஏமாற்றம்கூடத் தெரிந்தது. ஆனால் அறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பாத்திரங்களைப் பிரித்தோம். கல்யாணத்துக்கு வந்த சாமான் முதல் முறையாக இரண்டாகப் பிரிந்தது. தோசைக்கல் அவருக்கு, சின்னக் குக்கர் எனக்கு. கிரைண்டர் கலிஃபோர்னியாவுக்கு, மிளகாய்த்தூள் பாதிப் பாதி. என் துணிமணியில் பாதி அவர் காரில் ஏறியது. குளிர்கால ஸ்வெட்டர் டெனிஸ் வீட்டுக்கு, பட்டுப்புடவைகள் குபெர்டினோவுக்கு. எந்த வீட்டில் எந்தப் பெட்டியில் நான் இருக்கிறேன் என்று யாராவது கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

கிளம்புகிற காலை. டெனிஸ் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். அடுத்த தெருவில் பஸ், அதில் ஏறினால் கல்லூரி. அவர் பின்சீட்டிலிருந்து ஃபைலை எடுத்துப் பிரித்தார். என் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, தடுப்பூசிச் சீட்டு ஒவ்வொன்றையும் உருவி, விலைச்சீட்டு கிழிக்காத ஒரு புதுப் பச்சை ஃபைலில் அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"தொலைச்சுப்போடாத."

"மாட்டனுங்க. வழியில தூக்கம் வந்தா நிறுத்திப்போட்டுப் படுங்க. ஓட்டிட்டே இருக்காதீங்க."

"ம்."

"அந்தத் தோசைக்கல்லுல சோப்புப் போட்டு வெளக்காதீங்க."

"தெரியும்."

அவர் காருக்குள் உட்கார்ந்தார். இன்ஜினைக் கிளப்பவில்லை. கார் தெரு திரும்புகிறவரை நின்று கையசைக்க வேண்டும் என்று நான் நின்றேன். எத்தனையோ விமான நிலையங்களில் எனக்குப் பழகிய வேலை அது. பச்சை ஃபைலைப் பிடித்திருந்த விரல்களில் இன்னும் அந்த வாசனை. பஸ் வருகிற சத்தம் தூரத்தில் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.

"கிளாஸுக்கு நேரமாச்சு அம்மிணி. நீ முன்னால போ."