சின்னத்தாயின் பேட்லாக்

சின்னத்தாய்க்குக் கோபம் வந்தால் தையல் நேராக விழும். அவளோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். மற்றவர்களுக்குக் கோபத்தில் கை நடுங்கும், ஊசி ஒடியும். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு பெடலை மிதித்தால், டீசர்ட்டின் அடி மடிப்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓடும். கோபப்படக் காரணத்துக்குத் திருப்பூரில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் வந்தவள். புருஷன் ராக்கையா சாயப்பட்டறையில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு, மகன் மாதவன் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு அவளையும் மகனையும் காப்பாற்றியது பேட்லாக். டீசர்ட்டின் அடிப்பாகத்தையும் கை விளிம்பையும் மடித்து அடிக்கிற மெஷின் அது. அதைச் செய்த கம்பெனி வேறு ஏதோ பெயர் வைத்திருக்கும். திருப்பூரில் அது பேட்லாக்தான், அதில் உட்கார்கிறவள் பேட்லாக் டைலர்தான்.

ஒரு கம்பெனியில் பாத்ரூம் போக டோக்கன் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். கையில் டோக்கன் இல்லாதவள் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். சின்னத்தாய் இருந்த டோக்கனையெல்லாம் வாங்கிச் சேர்த்து, மேனேஜருக்கு வந்த டீயில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். மறுநாள் வேறு கம்பெனியில் வேறு பேட்லாக்கில் உட்கார்ந்திருந்தாள். இப்படி எத்தனை கம்பெனி மாறினாலும் சூப்பர்வைசரின் நாக்கு மட்டும் மாறுவதாக இல்லை.

அதனால் அவளுக்கு வாழ்க்கையில் ஆசை ஒன்றே ஒன்று. சொந்தமாக ஒரு பேட்லாக் மெஷின். அவிநாசி ரோட்டை ஒட்டிய லைன் வீட்டில், ஜன்னலோரம் அதைப் போட்டு, பீஸ் வாங்கி வந்து அடித்துக் கொடுத்து, எவன் முகத்திலும் முழிக்காமல் பிழைக்க வேண்டும். பாத்ரூம் போக எவனையும் கேட்கக் கூடாது. இதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

அந்த ஆசைக்கு வழி செய்தவன் மாதவன். செல்போன் சர்வீஸ் கடையில் இருந்தபோது, சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக பிட்காயின் வாங்கிப் போட்டான். மஸ்கட்டில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, பனியனில் தைக்கிற லேபிள் டேப்பில் ஒரு முழம் வெட்டி, அதில் மார்க்கர் பேனாவால் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதி அம்மா கையில் கொடுத்தான்.

"இந்தப் பன்னெண்டு வார்த்தைதாம்மா சாவி. நான் திரும்பி வந்ததும் வித்து உனக்கு மெஷின் எடுத்துத் தாரேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் காட்டாத. எங்கிட்டகூட இதப் பத்தி போன்ல பேசாத."

சின்னத்தாய் அந்த டேப்பைத் தலையணை உறைக்குள் வைத்து, கம்பெனிக்குக் கொண்டுபோய், பேட்லாக்கிலேயே வாயை அடித்து மூடினாள். மெஷினுக்கென்று ஜன்னலோரம் பெரிய பிளக் பாயிண்டும் வைத்தாயிற்று. வீட்டுக்காரம்மா நஞ்சம்மாள் கரண்ட் பில்லை நினைத்து முதலில் முணுமுணுத்தார். பிறகு அவருக்கே ஆவலாகிவிட்டது. வாசலில் பார்க்கும்போதெல்லாம், "மெஷினு எப்பங் கண்ணு வருது?" என்று கேட்பார். "வந்துரும்ங்க" என்பாள் சின்னத்தாய்.

அப்போதுதான் இளங்குமரன் வந்தான்.

அவனை அவளுக்கு முன்பே தெரியும். அவள் சாம்பிள் அடித்த கம்பெனியில் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சன்டைசராக இருந்தவன். பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பையன். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும், 'அக்கா' போடாமல் ஒரு வார்த்தை வராது. வேலையை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் கிரிப்டோ வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். மாதவன் காயின் வாங்கிய விஷயம் சர்வீஸ் கடை வழியாக அவன் காதுக்குப் போயிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கே வந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தான்.

"ஏனுங்க்கா, நீங்க பேட்லாக் அடிக்கறவங்க, உங்களுக்குச் சொன்னா ஒடனே புரியுமுங்க. உங்க பையன் காயினைப் பூட்டி வச்சிருக்கான் பாருங்க, அந்தப் பூட்டும் பேட்லாக் தையலு மாதிரித்தானுங்க. சும்மா இழுத்தா வராது. நுனி கெடச்சா ஒரே இழுப்புங்க. இதுவரைக்கும் எந்தக் கம்ப்யூட்டருக்கும் அந்த நுனி தெரியாம இருந்துச்சுங்க. இப்ப குவாண்டம்னு ஒரு மெஷினு வந்துருச்சு. அது நுனியக் கண்டுபிடிச்சுருமுங்க."

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்தால் சின்னத்தாய் அவனைக் காப்பி டம்ளரோடு வெளியே தள்ளியிருப்பாள்.

பேட்லாக் தையலின் குணம் அவளுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? அடிக்க ஆரம்பித்த பக்கத்திலிருந்து இழுத்தால் நூல் அறுந்தாலும் அறுமே தவிரத் தையல் பிரியாது. முடித்த பக்கத்து நுனியைச் சரியாகப் பிடித்து இழுத்தால், சரசரவென்று முழு மடிப்பும் கையோடு வந்துவிடும். அவ்வளவு கெட்டியான தையல் ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போவதைத் தினம் தினம் பார்க்கிறவள் அவள். எந்தப் பூட்டும் பிரியாது என்று ஒருவன் சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பாள். பிரியும் என்று சொன்னவனை நம்பிவிட்டாள்.

"இப்ப என்ன தம்பி செய்யணும்?"

"குவாண்டம் சேஃப் வாலட்னு, காயின் வைக்கற பெட்டியாட்ட ஒண்ணு இருக்குங்க்கா. அதுக்கு மாத்திட்டா எந்த மெஷினாலயும் தொட முடியாது. பழைய பன்னெண்டு வார்த்தைய அதுல அடிச்சா போதுமுங்க, தானா மாறிக்கும். தீபாவளிக்குள்ள மாத்தலைன்னா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"மாதவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"போன்ல பேச வேண்டாம்னு தம்பி சொல்லியிருப்பானே? அவன் வெவரமானவனுங்க்கா."

மகன் சொன்ன எச்சரிக்கையையே எடுத்து அவள் வாயை அடைத்தான், படுபாவி. சின்னத்தாய் உள்ளே போய்த் தலையணையை எடுத்து வந்தாள். நுனியைத் தேடிப் பிடித்து ஒரே இழுப்பில் உறையின் வாயைத் திறந்தாள். 'பார்த்தியா, எவ்வளவு லேசா வருது' என்று அவள் மனசே அவனுக்கு வக்காலத்து வாங்கியது. அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. இளங்குமரனே வாசித்து, அவனே அவள் செல்போனில் அடித்தான். டேப்பைத் திருப்பிக் கொடுத்து, "பத்திரமா வைங்க்கா" என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில், இருப்பை மட்டும் பார்க்க மாதவன் அவள் செல்போனில் போட்டுக் கொடுத்திருந்த பழைய வாலட்டைத் திறந்து பார்த்தாள். வெறும் சைபர். புதியதிலும் சைபர்.

முதலில் "மாறிட்டு இருக்குதுங்க்கா" என்றான். பிறகு போனை எடுக்கவில்லை. அவள் அவன் வீட்டு வாசலுக்கே போய் நின்றபோது, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னான்: "நாந்தான் சொன்னனுங்களே அக்கா. நாம மாத்தறதுக்குள்ள அந்த மெஷினு எடுத்துருச்சுங்க. ஒரு நாள் முந்தி மாத்தியிருந்தா காப்பாத்தியிருக்கலாமுங்க."

காசைத் திருடியவன், திருட்டுப் பழியை எங்கோ இருக்கிற ஒரு மெஷின் மேல் போடுகிறான். அவள் கைக்கு அப்போது ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அன்று அவள் மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். மாதவன் நெட்டில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அவன் அடிச்ச கையோட காயின் வேற கணக்குக்குப் போயிருக்கும்மா. அந்த வார்த்தைய வச்சுத்தான் எடுத்திருக்கான். குவாண்டமாவது ஒண்ணாவது!"

"அப்ப அந்த மெஷினே பொய்யால?"

"பொய்யில்லம்மா. அந்த மாதிரி கம்ப்யூட்டர் இருக்கு. ஆனா நம்ம பூட்டத் திறக்கிற அளவுக்கு இன்னும் பெருசாகல. எப்ப ஆகும்னு படிச்சவங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. அதுக்குள்ள பூட்டையே மாத்தணும்னு எத்தனையோ பேரு வேலை பாக்காங்க. மாத்துற காலம் வந்தா நாமளே நம்ம கையால மாத்திக்கிடலாம். வார்த்தைய யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. அவ்வளவு பெரிய மெஷின் வச்சிருக்கிறவன், உலகத்துப் பணக்காரனையெல்லாம் விட்டுட்டு நம்ம லைன் வீட்டுக்காம்மா வருவான்?"

சின்னத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். மகன் திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். "விடும்மா, பாத்துக்கிடலாம்" என்று அவன் சொன்னதுதான் அவளை அறுத்தது.

போலீஸ் ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். குற்றம் சொல்ல முடியாது, உட்கார நாற்காலியும் கொடுத்தார்கள். ஆனால் நீங்களாகத்தானே வார்த்தையைக் கொடுத்தீர்கள் என்று அங்கே ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியோடு அவள் கம்பெனிக்குப் போய் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் அடித்த பாட்டம் மடிப்பு ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனாள்.

நாற்காலிகள் நிறைந்திருந்தன. பாதிப் பேர் பனியன் கம்பெனி ஆட்கள். முன்வரிசையில் அவளோடு வேலை பார்க்கும் ஜெயசுதா, செல்போனை மடியில் வைத்துக்கொண்டு, கையில் பன்னிரண்டு வார்த்தை எழுதி மடித்த ஒரு சீட்டோடு இருந்தாள். மேடையில் இளங்குமரன் மைக்கைப் பிடித்து, "தீபாவளிக்குள்ளீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நேவி ப்ளூ டீசர்ட் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் சின்னத்தாய்க்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் அடித்த சாம்பிள் அது. மெர்ச்சன்டைசராக இருந்த காலத்தில் வீட்டுக்குக் கொண்டுபோனது. அவசரம் அவசரம் என்று அவன்தான் அன்றைக்குக் கழுத்தறுத்தான். இடது பக்கத் தையலருகே பாட்டத்தை முடித்து, கெட்டித் தையல் போட நேரமில்லாமல் நூலை வெட்டிக் கொடுத்தது அவளுக்கு நினைவிருந்தது.

நேராக மேடைக்கு ஏறினாள்.

"வாங்க்கா," என்றான் அவன், கொஞ்சமும் அசராமல். கூட்டத்தைப் பார்த்து, "பாவமுங்க, இந்த அக்காவோட காயினத்தான் அந்த மெஷினு எடுத்துருச்சு. அதுல இருந்து மனசு செரியில்லீங்க" என்று பல்லைக் காட்டினான்.

சின்னத்தாய் அவன் டீசர்ட்டின் அடி விளிம்பைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எல்லாரும் பாருங்க. இது நான் அடிச்ச பாட்டம். இவன் வயித்தச் சுத்தி வந்து எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியும். ஏன்னா அடிச்சவ நான்." நகத்தால் நெருடி நுனியை எடுத்து, விரலில் சுற்றி இழுத்தாள். மடிப்பு சரசரவென்று பிரிந்து, அவன் இடுப்பைச் சுற்றித் துணி தொங்கியது. மண்டபத்தில் இருந்த தையல்காரிகள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

"என் நுனிய எந்த மெஷினும் கண்டுபிடிக்கல. நாந்தான் தலகாணியப் பிரிச்சு இந்த நாய் கையில எடுத்துக் குடுத்தேன். உங்ககிட்டயும் அதத்தான் கேக்கான். அந்த மெஷின் வரும்போது வரட்டும். வார்த்தையக் கேட்டு வாறவன் எவனா இருந்தாலும் அவந்தான் திருடன்!"

கை தட்டினார்களா? இல்லை. மண்டபத்து ஆள் ஓடி வந்து, "ஏம்மா, இதென்ன ரவுடித்தனம், கெளம்புங்க" என்று அவளைக் கீழே இறக்கினான். சிலர் எழுந்து போனார்கள். சிலர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். ஆனால் பாதிக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வாசலைத் தாண்டும்போது அவளுக்குப் பின்னால் மைக் மறுபடி, "பதட்டப்படாதீங்க" என்றது. அந்த உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் நமக்கு இளங்குமரன் மேல் வருவதை விட அதிகமாகக் கோபம் வருகிறது. என்ன செய்வது, அவர்களும் அவளைப் போலத்தானே.

ஜெயசுதா பின்னாலேயே ஓடி வந்தாள். கையிலிருந்த சீட்டை ஜாக்கெட்டுக்குள் திணித்திருந்தாள்.

"உன் காசு திரும்பி வருமாக்கா?"

"வராது."

பஸ் வரும்வரை ஜெயசுதா அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

வீட்டு வாசலில் நஞ்சம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சின்னத்தாயின் விரலில் நேவி ப்ளூ நூல் இன்னும் சுற்றியிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வழக்கம் போல நிமிர்ந்து கேட்டார்.

"மெஷினு எப்பங் கண்ணு வருது?"

சின்னத்தாய் செருப்பைக் கழற்றினாள்.

"ரெண்டு மெஷினும் இப்போதைக்கு வராதுங்க."

"ரெண்டா? ஒண்ணுதான சாமி சொன்ன?"

அவள் உள்ளே போனாள். ஜன்னலோரம் காலியாகக் கிடந்தது. பிளக் பாயிண்டில் செல்போனைச் சார்ஜ் போட்டுவிட்டு, வாய் பிரிந்து கிடந்த தலையணை உறையை எடுத்துக் கைத்தையல் போட உட்கார்ந்தாள்.