யாரும் கேட்காத பி பக்கம்

பல் பிடுங்கப் போன இடத்தில்தான் எனக்கு அந்தக் கூட்டம் அறிமுகமானது. மருத்துவர் தன் அறையில் பழைய எலெக்ட்ரானிக் இசை ஆல்பம் ஒன்றை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டிருந்தார். பாதி முகம் மரத்துப்போயிருந்த நான், குழறிக் குழறி, "டாக்டர், ரெக்கார்டுல ஏ பக்கம் முடியப் போகுது" என்றேன். அவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி இதெல்லாம் கேப்பீங்களா?"

அந்த வியப்பை அன்று பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மாதம் ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடலைப் பார்த்த அவருடைய அடுக்குமாடி வீட்டில் சிலர் கூடுவார்கள். வக்கீல், விரிவுரையாளர், கணக்காய்வாளர் என்று எல்லாரும் எங்கள் தீவின் தலைநகரமான ஜார்ஜ்டவுனில் வளர்ந்த தமிழர்கள். பாதிப் பேர் வெளிநாட்டில் படித்தவர்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவருவார். அது தன் கைக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்வார். பிறகு இரண்டு பக்கமும் முழுதாக ஓடும். ஊசி தட்டில் இறங்கியபின் யாரும் வாய் திறக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது. முடிந்ததும் கொண்டுவந்தவர் தான் கேட்டதைப் பற்றிப் பேசுவார். அதற்கப்புறம்தான் டீயும் வடையும். தட்டைத் தொடும் உரிமை டாக்டருக்கு மட்டும்.

அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சுங்கை பாக்காப் பக்கம் செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. ஆறாம் ஆண்டைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். பாயான் லெப்பாஸில் அம்மா மெஷின் ஆப்பரேட்டராக நின்ற அதே தொழிற்பேட்டையில் இன்று நான் இன்ஜினியர். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அந்த அறையில் இதை யாரும் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை. அங்கே காதுக்குத்தான் மரியாதை என்று நம்பினேன். ஒரு வருடத்துக்கு மேல் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு டாக்டர், "அடுத்த மாசம் ஒங்க முறை" என்றார்.

எதைக் கொண்டுபோவது என்று யோசிக்கவே இல்லை. எழுபதுகளில் பதிவான ஆல்பம் அது. பக்கத்துக்கு ஒரே ஒரு நீண்ட இசைக்கோவை, சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவிகள் இரண்டு, குரல் கிடையாது. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தத் தட்டைப் பார்த்தபோது வீட்டில் பிளேயர்கூட இல்லை. இருந்தும் வாங்கினேன். அதுவரை லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் மட்டுமே அதைக் கேட்டிருந்தேன். அந்த ஞாயிறு எனக்கு வேண்டியது ஒன்றுதான்: இரண்டு பக்கமும் அந்த அறையில் முழுதாக ஓட வேண்டும், அதன்பின் நான் பேசுவதை அவர்கள் கேட்க வேண்டும்.

முறைப்படி, அந்த இசை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று தொடங்கினேன். எங்கள் வீட்டில் தவக்காலத்தில் பாட்டு கூடாது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை ரேடியோ மூடியே கிடக்கும். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம், அப்படியொரு தவக்காலத்தில் இந்த ஆல்பத்தை அறைக்குள் ஓடவிட்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மா கதவைத் தள்ளினார்.

"என்னாடி, தவக்காலத்துல பாட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் கொஞ்சம் நின்று கேட்டார். "ஓ, மெஷின் சத்தமா. சரி சரி, படி."

அவர் அதைப் பாடம் என்றே நினைத்துக்கொண்டார். அந்தத் தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஓடிய ஒரே இசை அதுதான். பஸ்ஸில் கூட வரும் பெண்களிடம், "எம் பொண்ணு சத்தத்தக் கேட்டே மெஷினுக்கு என்ன நோவுன்னு சொல்லிரும்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அறை அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று தோன்றியது. டாக்டர் ஊசியை இறக்கினார்.

ஏ பக்கம் மிக மெதுவாக எழும்பும். கீழே ஒரு சின்னச் சுரவரிசை சுற்றிச் சுற்றி வரும். அதன் மேல் யாரோ ஒருவர் கையால் குமிழைத் திருகத் திருக ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். அந்த ஸ்பீக்கர்களில் அடிநாதம் தரை வழியாகக் காலில் ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இசை ஏறக்குறைய நின்றுவிடுவதுபோல் ஒடுங்கும் இடத்தில் வக்கீலின் குரல் கேட்டது.

"தங்கச்சி, மெஷினுக்கு என்ன நோவு? சொல்லுங்க லா!"

மறுபடி சிரிப்பு. ஒன்றரை வருடத்தில் அந்த அறையில் ஊசி இறங்கியபின் ஒருவர் பேசியது அதுவே முதல் தடவை. டாக்டர் தடுக்கவில்லை. அவரும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பக்கம் முடிந்ததும் டாக்டரின் மனைவி எழுந்து டீ கொண்டுவந்தார். "அம்மா இன்னும் ஃபேக்டரிக்குப் போறாங்களாம்மா? பாவம், என்ன வெள்ளந்தி!"

"அடுத்த மாசம் அவங்களக் கூட்டிட்டு வாங்களேன்" என்றார் டாக்டர். "ஒரு ஆல்பம் போட்டுக் காட்டுவோம். என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

"எதுக்கு டாக்டர்? அவங்க என்ன, ஆய்வுக்கூடத்து எலியா?" என்றேன்.

 வக்கீல் கையைத் தூக்கினார். "ஏம்மா, தமாசுக்குத்தானே. கோவிச்சுக்காதீங்க லா."

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு" என்றேன்.

"வடை ஆறிப்போயிரும், தங்கச்சி. மிச்சத்த இன்னொரு நாள் வெச்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

வேறு யாருடைய தட்டையும் அவர்கள் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஆல்பத்துக்கு வாசல் திறக்கத்தான் அந்தக் கதையைச் சொன்னேன். அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

எழுந்து போய், என் கையால் தட்டைத் திருப்பி வைத்து ஊசியை இறக்கினேன். டாக்டர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஒவ்வொருவராக டீக் கோப்பையோடு பால்கனிக்குப் போனார்கள். கடைசியாகப் போனவர் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். பி பக்கம் முழுவதையும் நின்றபடியே கேட்டேன். அப்படி அந்த ஆல்பத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்கவில்லை. பால்கனியில் அவர்கள் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் டாக்டரின் மனைவி எழுதியிருந்தார்: நேற்று ஒரு தாயின் கதை எங்களைக் கலங்க வைத்துவிட்டது. கீழே வரிசையாக இதயங்கள். ஆல்பத்தின் பெயர்கூட இல்லை. நான் பேச நினைத்திருந்ததை எழுதிப் போட்டேன். ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார். அடுத்த செய்தியில், வரும் மாதம் வடை எங்கே சொல்வது என்று கேட்டிருந்தார்கள். குழுவிலிருந்து வெளியேறினேன். ஏன் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அவர்கள் கேட்காததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து சிந்தசைசர்கள் சூடேற ஏறச் சுருதி விலகும். ஏ பக்கத்தின் தொடக்கத்தில் இரண்டு கருவிகளும் ஒரே சுருதியில் நிற்கின்றன. பி பக்கத்தின் நடுவில் அவை பிரிந்துவிடுகின்றன. இரண்டுக்கும் இடையே மெல்லிய அதிர்வு ஒன்று அலைபோல் வருகிறது. என் வேலையிடத்தில் அப்படி விலகும் பொருளைக் கழித்துப்போடுவோம். இவர்கள் பதிவை நிறுத்தவில்லை. வாசித்துக்கொண்டே ஒரு கை சுருதியைத் தேடுகிறது. நெருங்குகிறது, தாண்டிப் போகிறது, திரும்பி வருகிறது. தொட்டுவிடும் தூரத்தில் தேடுவதை விட்டுவிடுகிறது. மிச்ச நேரம் முழுக்க இரண்டும் அந்தச் சிறு இடைவெளியோடேயே போகின்றன. அந்த இடைவெளிதான் ஆல்பம். ஏ பக்கத்தை மட்டும் கேட்டவருக்கு அது இயந்திரங்களின் இசை. பி பக்கத்தையும் கேட்டவருக்குத்தான் அதில் மனிதர் இருப்பது தெரியும்.

அன்று நான் சொல்ல இருந்தது இவ்வளவுதான். இதில் என் அம்மா எங்கும் வரவில்லை.